நான்கு பக்கமும் நிறுத்திய கை

ஜோஸ்பின் ஸ்பூனில் தண்ணீரை நீட்டினாள். அப்பா அடைக்கலராஜ் வாயைத் திறக்கவில்லை. நேற்று ஃபாதர் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனதிலிருந்து கண்ணும் பாதிதான் திறந்திருந்தது. ஆனால் வலது கை மட்டும் உள்ளங்கை தெரிய உயர்ந்து நின்றது. அவள் கணவன் மரியசெல்வம் இறக்கி வைத்தால் ஒரு நிமிடத்தில் மறுபடி எழுந்துவிடும்.

"கை கடுக்கப் போவுது மாமா, கீழ வைங்க," என்றான் அவன்.

"சோடா கம்பெனி பக்கம்... நில்லு," என்றார் அடைக்கலராஜ்.

அந்தக் கையை ஜோஸ்பினுக்கு அடையாளம் தெரிந்தது. அப்பா டிராபிக் போலீஸ். புதுச்சேரி போலீஸின் சிவப்புத் தொப்பியோடு நாற்சந்தி மேடையில் இருபத்தாறு வருஷம் நின்றவர். பக்கத்தில் ஒரு சிக்னல் கம்பமும் இருந்தது. அதில் மூன்று விளக்கும் ஒழுங்காக எரிந்த நாளை ஊரில் யாரும் பார்த்ததில்லை. காரைக்கால்காரர்கள் அப்பாவின் கையைத்தான் பார்ப்பார்கள்.

"டாக்கீஸ் பக்கம், பொறு. நெடுங்காடு பஸ்ஸு, பின்னாடி எடு. புளியமரத்துகிட்ட யாருய்யா சைக்கிள்ல, எறங்கி நில்லு."

சோடா கம்பெனி செல்போன் கடையாகி இருபது வருஷம். டாக்கீஸ் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். புளியமரமும் சிக்னல் கம்பமும் ரோட்டை அகலப்படுத்தியபோதே போய்விட்டன. அப்பாவுக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. ஒரு கடைகூட இடம் மாறாமல் அத்தனையும் நின்றன. இந்த ஒட்டிய நெஞ்சுக்குள் இவ்வளவு பெரிய ஊரை எங்கே வைத்திருந்தார் என்று அவள் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"நாலு பக்கமும் நிறுத்திட்டாரே. யாருக்காம்?" என்றான் மரியசெல்வம்.

அவளுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவின் அடக்கம். கரண்ட் இல்லை, சிக்னல் செத்துக் கிடந்தது. பஸ்களுக்கு நடுவே சவப்பெட்டி மாட்டிக்கொண்டது. வேட்டியோடு பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த அப்பா, அவள் கையை விட்டுவிட்டுக் காணாமல் போனார். கூட்டம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. மறுபடி பார்த்தபோது அவர் மேடைமேல் நின்றார், கையை உயர்த்தியபடி. பெட்டி போன பிறகும் இறங்கவில்லை. அவர் கல்லறைக்கு வந்து சேர்வதற்குள் குழி பாதி மூடியிருந்தது.

"ஒங்களுக்கு அம்மாவவிட ரோடுதான் பெருசு," என்று அன்று சொன்னாள். முப்பத்து நான்கு வருஷமாக இருவரும் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை.

இப்போது குனிந்து கேட்டாள். "அம்மா பெட்டி தாண்டிருச்சுப்பா. இன்னும் யாருக்கு நிக்கிறீங்க?"

"பெட்டி போயிருச்சு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "புள்ள பின்னாடி மாட்டிக்கிச்சு. கைய விட்டுட்டேன். அது தாண்டட்டும். எவனும் வண்டிய எடுக்காதீங்க."

ஜோஸ்பின் ஸ்பூனை வைத்துவிட்டு, அவர் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

"அப்பா, நான் ஜோசு. தாண்டி வந்துட்டேன். இந்தப் பக்கம்தான் நிக்கிறேன். வண்டிய விடுங்க."

அவர் உடனே விட்டுவிடவில்லை. கண்மணிகள் இடது பக்கம் போய், வலது பக்கம் போய், அவள் முகத்தில் நின்றன. பிறகு உள்ளங்கை மெதுவாகத் திரும்பி, 'போ' என்று ஒருமுறை அசைந்து, மெத்தையில் இறங்கியது.

மரியசெல்வம் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு நின்றிருந்தது.

வெளியே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.