நாலு வருஷமாக இல்லாதவள்

என் கணவர் என்னைச் சாகடித்துவிட்ட சேதி எனக்குத் தெரியவந்தபோது, நான் அவருடைய பேண்ட்டுக்குத்தான் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம். வெளியே விட்டு விட்டு மழை. அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். நான் கூடத்தில், ஜன்னலோரம், தையல் மிஷின் முன்னால். பக்கத்து ஸ்டூலில் கைபேசி திறந்து கிடந்தது. அதில்தான் அந்த வரி வந்து விழுந்தது. ‘வீட்ல நான் மட்டும்தான்மா. அவ போய்ச் சேந்து நாலு வருஷம் ஆச்சு.’

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எங்கள் நகரத்துக்காரர்களுக்கென்று கைபேசியில் ஒரு குழு இருக்கிறது. யாருக்கும் யாருடைய நம்பரும் தெரியாது, முகமும் தெரியாது. அவரவர் வைத்துக்கொண்ட பட்டப்பெயர்தான். எந்தக் குழாய்க்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்தத் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், யார் வீட்டுப் பூனையைக் காணோம் என்று வாரநாளெல்லாம் இதுதான் பேச்சு. சனி, ஞாயிறு மட்டும் வியாபாரமும் விசாரிப்பும் கூடாது, வெறும் அரட்டைதான் என்று குழுவை நடத்துகிறவர் சட்டம் போட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற தபால்காரர், பெயரே ‘தபால்’தான். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கும் பல் டாக்டர் கிளினிக் பெண்தான், “அதுல ஒரு வரி போடுங்கக்கா, வேலை குவியும்” என்று என்னை அதில் சேர்த்துவிட்டாள். ‘பக்கத்துத் தெரு’ என்று பெயர் கொடுத்தேன். சேர்ந்த நாள் சனிக்கிழமையாகப் போய்விட்டது. சரி, திங்கள் வரைக்கும் பொறுப்போம் என்று மற்றவர்கள் பேசுவதை வாசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். ‘லிஃப்ட்காரர்’ என்று ஒருவர். குழுவே அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ‘நேத்து ஒரு ஆளு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாரு. கதவ நெம்பித் தெறந்தா, எத்தனாவது மாடின்னு கேக்கறாரு. மேலயும் இல்ல கீழயும் இல்ல, நடுவுல நிக்கறீங்கன்னேன். கல்யாணம் ஆனதுலேருந்து அங்கதாங்க இருக்கேன்னாரு.’ இப்படி எழுதியிருந்தார். சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக விழுந்தன. ஒவ்வொன்று விழும்போதும் எங்கள் உள்ளறையில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கேட்டது.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதோடு சரியான கல்லுளிமங்கன். வீட்டில் அவருக்கு இருக்கிற சொத்து மூன்று வார்த்தை. ‘ம்’, ‘சரி’, ‘வெச்சிடு’. மகள் ஞாயிற்றுக்கிழமை வேறு ஊரிலிருந்து கூப்பிட்டு, “அப்பா என்ன பண்றாரும்மா?” என்று கேட்டால், “இருக்காரு” என்பேன். அவளும் மேற்கொண்டு கேட்கமாட்டாள். அந்த மனுஷனா இப்படி வாயாடுகிறார்! நெஞ்சு கொதித்ததா என்றால், சத்தியமாக இல்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை வந்தது, தையல் பற்றி நான் எதையும் போடவில்லை. போட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், வாயை மூடிக்கொள்வார். வேலை குவியாவிட்டால் போகட்டும் என்று சனிக்கிழமைகளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். நானும் நடுவில் ஏதாவது எழுதுவேன். ‘பக்கத்துத் தெருவுக்குக் குறும்பு ஜாஸ்தி’ என்பார். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் ஊர் வழியாகப் பேசிக்கொண்டோம். வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் சந்தோஷமாக இருந்தேன், மறைப்பானேன்?

இந்த நிலையில்தான் அந்த வரி. புதிதாக விடுதியில் தங்கிப் படிக்க வந்த ஒரு பெண் குழுவில் இருந்தாள். வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளை. ‘லிஃப்ட் மாமா, உங்க வீட்ல அத்தை இன்னைக்கு என்ன சமையல்?’ என்று ஆசையாகக் கேட்டிருந்தாள். அதற்குத்தான், கொஞ்சம்கூடக் கை கூசாமல், அந்தப் பதில். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. ‘நைட் டூட்டி’ என்ற பெயரில் எழுதுகிற நர்ஸம்மா, ‘இவ்வளவு துக்கத்த வெச்சுக்கிட்டா எங்கள எல்லாம் சிரிக்க வெச்சீங்க?’ என்று உருகியிருந்தாள். கேட்டீர்களா அநியாயத்தை! அந்த அத்தை சமைத்ததைத்தான் அரை மணி நேரத்துக்கு முன்னால் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்.

எழுந்தேன். பேண்ட்டை வீசினேன். கதவை உதைத்துத் திறந்து, “நான் எப்ப செத்தேன்?” என்று கேட்கத்தான் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளே மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. காது கொடுத்துக் கேட்டேன். அழுதுகொண்டிருந்தார். நடிப்பு இல்லை, தனியாகக் கட்டிலில் படுத்துக்கொண்டு யாருக்காக நடிக்க வேண்டும்? தன் அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷன். கையை எடுத்துவிட்டேன். திரும்பி வந்து ஸ்டூலில் இருந்த கைபேசியை எடுத்து, பக்கத்துத் தெருவாகவே கேட்டேன். ‘எப்படிப் போனாங்க?’

உள்ளே ‘டிங்’ என்றது. பிறகு பதில் வந்தது.

‘ராத்திரி தூக்கத்துல. கஷ்டப்படல. காலைல முழிச்சுப் பாக்கறேன், பக்கத்துல அவ இல்ல.’

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேனே, இதுதான். அந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் வந்தது. விடியும் முன்பே எழுந்து மிஷினில் உட்கார வேண்டும். இவருடைய குறட்டையில் எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. “நான் கூடத்துல படுத்துக்கறேன்” என்றேன். “சரி” என்றார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீருடை ஆர்டர் முடிந்து, துணியெல்லாம் மூட்டை கட்டிப் போன பிறகும், “உள்ள வந்து படு” என்று ஒருமுறை கூப்பிட்டிருந்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். கூப்பிடவில்லை. நானும் கூப்பிடாமல் போகிற ஆள் இல்லை. அதை இந்த மனுஷன் சாவென்று கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறார், வாயைத் திறந்து சொல்லாமல்!

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் செத்துப்போனவளின் புகழ்தான். கேட்கக் கேட்கக் குழுவுக்கும் ஆசை அடங்கவில்லை. ‘நான் வேலைக்குக் கெளம்பினா ஜன்னல்ல நின்னு, தெருமுனை திரும்பற வரைக்கும் பாத்துட்டே இருப்பா.’ பார்த்தேன்தான், கல்யாணமான புதிதில். ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாரா? பார்க்காமலே எப்படித் தெரிந்தது? ‘கோவம் வந்தா ஒத்தக் கண்ண இடுக்கிட்டுப் பாப்பா, ஊசில நூல் கோக்கற மாதிரி.’ கண்ணாடி முன்னால் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். ‘ரொம்ப நல்லாப் பாடுவா’ என்றும் ஒரு நாள் எழுதினார். அண்டப்புளுகு! என் வாயில் ஒரு பாட்டும் நின்றதில்லை. எனக்கு அவள்மேல் வயிறு எரிந்தது. என் கண், என் ஜன்னல், என் புருஷன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பாடவும் கற்றுக்கொண்டாளே சண்டாளி. அவளுக்குக் கிடைத்ததில் கால்வாசி உயிரோடு இருக்கிற எனக்குக் கிடைத்திருந்தால் நான் கூடத்தில் கிடப்பேனா?

மாசக் கடைசியில் தபால்காரர் ஒரு யோசனை சொன்னார். எல்லாரும் முகம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைப் பூங்காவுக்கு வாருங்கள், ஆளுக்கொரு தின்பண்டம் எடுத்து வாருங்கள் என்று. ‘லிஃப்ட்காரர் வந்தாத்தான் நான் வருவேன்’ என்றாள் நைட் டூட்டி. ‘பக்கத்துத் தெரு, நீங்களும் கண்டிப்பா வரணும்’ என்று விடுதிப் பெண் கெஞ்சினாள். நான் பதில் போடவில்லை. அந்த வாரம் புதன்கிழமை, என் கணவர் ஒரு பழைய சட்டையைத் தூக்கிக்கொண்டு மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

“இந்தக் காலரக் கொஞ்சம் திருப்பித் தச்சுக் குடேன்.”

எத்தனையோ காலத்துக்கு அப்புறம் என்னிடம் முழுசாக ஒரு வாக்கியம் பேசுகிறார். சட்டையை வாங்கிப் பார்த்தேன். காலர் நைந்து நாராக இருந்தது.

“இது தேறாது. புதுசே தச்சுத் தரேன். எங்க போறீங்க?”

“சும்மா. தெரிஞ்சவங்க நாலு பேரு.”

எழுந்து நாடாவை எடுத்தேன். தோள் அளந்தேன். கழுத்தைச் சுற்றிப் போட்டு அளந்தபோது என் விரல் பட்டு அவர் தொண்டை ஏறி இறங்கியது. மார்பு இளைத்திருந்தது. எப்போது இளைத்தார்? “மூச்சப் பிடிக்காதீங்க, சட்டை இறுக்கமாப் போய்டும்” என்றேன். விட்டார். அந்த மூச்சு என் நெற்றியில் பட்டது. இனிக் கேட்காவிட்டால் எப்போது கேட்பது என்று தோன்றியது.

“நானும் வரட்டுமா?”

அவர் முகம் வெளுத்தது. பாவமாகக்கூட இருந்தது எனக்கு.

“உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?” என்றார். “அங்க உனக்கு யாரையும் தெரியாது.”

“உங்களத் தெரியுமே.”

கையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். மணிக்கட்டு வரை அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டினேன். ஒரு வாடிக்கையாளர் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன இளநீலத் துணி இருந்தது, நல்ல துணி. அதில் வெட்டினேன். மூன்று நாள் மற்ற வேலையைத் தொடவில்லை. பொத்தான் துளை எல்லாம் மிஷினில் அடிக்காமல் கையாலேயே தைத்தேன். பைத்தியக்காரிதான். போட்டுப் பார்க்கும்போதாவது, “வாயேன், சேந்து போலாம்” என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஒவ்வொரு தையலுக்கும் நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை போட்டுக்கொண்டார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்து, “சரி” என்றார். கிளம்பினார். நான் ஜன்னலுக்குப் போய் நின்றேன். திரும்பிப் பார்க்காமல்தான் போனார்.

வீட்டைப் பெருக்கினேன். வாளியில் துணி ஊறப் போட்டேன். கைபேசியைத் தொடக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் படங்கள் வர ஆரம்பித்தன. மரத்தடியில் விரிப்பு, பாத்திரங்கள், காகிதக் கோப்பைகள். தபால்காரர் நான் நினைத்ததைவிடக் குண்டு. நர்ஸம்மா நான் நினைத்ததைவிட வயசாளி, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நடுவில் அவர், கைகளை விரித்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறார், சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அந்த முகம் இல்லை. கடைசியாக ஒரு படம், காலரையும் பொத்தான் பட்டையையும் மட்டும் கிட்டத்தில் எடுத்தது. விடுதிப் பெண் கீழே எழுதியிருந்தாள்.

‘பக்கத்துத் தெரு, வராம மிஸ் பண்ணிட்டீங்க. மாமா அத்தையப் பத்திச் சொல்லி எங்க எல்லாரையும் அழ வெச்சுட்டாரு. இந்தச் சட்டை அத்தை கடைசியாத் தச்சுக் குடுத்ததாம். பொத்தான் துளைகூடக் கையால தச்சிருக்காங்க பாருங்க. இத்தன வருஷமா போட மனசு வராம வெச்சிருந்தாராம்.’

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது துளையில் நூல் கொஞ்சம் பிசகியிருந்தது. வெள்ளிக்கிழமை, கரண்ட் போன நேரத்தில் தைத்தது. கைகூப்பும் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுத்தான் அழுதேன்.

வெயில் தாழ வந்தார். முகம் களையாக இருந்தது. செருப்பைக் கழற்றும்போது ஏதோ முனகினார், பாட்டு மாதிரி. நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தேன்.

“எப்படி இருந்துச்சு?”

“ம்.”

அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போய் நின்றேன். எந்தச் சட்டையையும் கழற்றிச் சுருட்டி மூலையில் எறிகிறவர், அன்றைக்குப் பொத்தான்களை ஒவ்வொன்றாக, நகம் படாமல் கழற்றினார். ஹேங்கரை எடுத்து அதில் மாட்டினார். மேல் பொத்தானைத் திரும்பப் போட்டு, காலரைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். கைப்பட்டை ஓரத்தில் டீக் கறை பட்டிருந்தது.

“குடுங்க, கறை காயறதுக்குள்ள அலசிடறேன்” என்று கையை நீட்டினேன்.

சட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டார். “வேண்டாம். அத யாரும் தொட வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

“நான் தச்சதுதானேங்க அது?”

“அதான் சொல்றேன்” என்றார்.

அலமாரியில் மற்ற துணிகளை ஒதுக்கித் தள்ளி, அதற்கென்று தனியாக இடம் செய்து மாட்டினார். சத்தம் வராமல் கதவைச் சாத்தினார். சாத்திய கதவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எனக்கு நீட்டிய கையை மடக்கத் தோன்றவில்லை. முழங்கையிலிருந்து சோப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் பரவிக்கொண்டிருந்தது.