மூக்கைப் பிடித்துப் பார்த்தாரா?

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. என் தங்கையின் கணவர் சொன்ன ஒரு சாக்கில் பிறந்தது. சாக்கு என்று எழுதிவிட்டேன், பாருங்கள். 'விளக்கம்' என்று மாற்றலாம். மாற்றப்போவதில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'லிஃப்ட் மெக்கானிக் கண்விழித்தார், பல் தேய்த்தார், வேலைக்குப் போனார். லிஃப்ட் கதவைத் திறந்தார். உள்ளே அவருடைய கட்டில் கிடந்தது. மறுபடி கண்விழித்தார், பல் தேய்த்தார்…'

நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. லிஃப்ட் மெக்கானிக்கான என் தங்கை கணவரே, தான் கண்ட கனவாக இதை எனக்குச் சொன்னார். எழுதுகிறவனுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே சொன்னாரோ?

விழித்துவிட்டதாகவே கனவு வருவது அவருக்கு நெடுநாள் தொல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி பழகியிருந்தார்: மூக்கை இறுகப் பிடித்து மூச்சிழுப்பது. மூச்சு வந்தால் கனவு. கனவென்று தெரிந்துவிட்டால் அவர்தான் ராஜா. மேலாளரைத் திட்டுவார், மொட்டைமாடியிலிருந்து பறப்பார், வாயில் வந்ததைப் பேசுவார்.

3

ஒரு காலை, சமையலறையில், ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தங்கையிடம் சொன்னார்: "எனக்கு இந்தக் குழந்தை வேணாம்."

அவள் கையிலிருந்த கோப்பை நழுவி—

(இல்லை. எதுவும் நழுவவில்லை. அடுப்பை அணைத்தாள், பையை எடுத்தாள், என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.)

4

மறுநாள் என் அலுவலக வாசலில் நின்றார்.

"மச்சான், கனவுன்னு நினைச்சுட்டேன். மூக்கைப் பிடிச்சுப் பார்த்தேன், மூச்சு வந்துச்சு. சத்தியமா."

"முழிச்சிருக்கும்போது எப்படி, மாப்பிள்ளை, மூச்சு வரும்?"

"சரியாப் பிடிக்கலையோ என்னவோ. அரைத் தூக்கம்."

கண்கள் சிவந்திருந்தன. மனம் இளகி, தங்கையிடம் பேசிப் பார்த்தேன்.

"அண்ணா, நான் அவர் முகத்தையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். கை மூக்குப் பக்கமே போகல."

"நீ கவனிச்சிருக்க மாட்டே."

"சரி, கனவுன்னே வச்சுக்கோ. கனவுல, இஷ்டப்பட்டதைப் பேசலாம்னு ஆனதும், என்கிட்ட சொல்ல அவருக்கு இதுதான் கிடைச்சுதா?"



5

முடிவு அ: அவள் மன்னிக்கிறாள். வாசகர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். தங்கை என்னோடு பேச மாட்டாள்.

முடிவு ஆ: எல்லாமே அவர் கண்ட கனவு. இப்படி முடிப்பவனுக்கு யாரும் பேனா கொடுக்கக் கூடாது.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். நான் எழுவதற்குள் தங்கையே போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இப்போ முழிச்சிருக்கீங்கதானே?"

"ம்."

"நல்லா?"

"நல்லாத்தான்."

"அப்போ இப்போ சொல்லுங்க. குழந்தை வேணுமா, வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். பிறகு, மெதுவாக, ஒரே ஒரு சொல் சொன்னார். தங்கை கதவின் மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றாள்.

அந்தச் சொல் எனக்குக் கேட்டது. ஆனால் நான் அவளுடைய அண்ணன். என் காதை நீங்கள் நம்பக் கூடாது. நீங்களும் வாசலில்தான் நின்றீர்கள். உங்களுக்கு என்ன கேட்டது?