மூன்றாவதில் என்ன பிழை

1

இந்தக் கதை ஒரு சிவப்பு அட்டைத் துண்டிலிருந்து தொடங்கியது. உள்ளுணர்வு, தூண்டுதல் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சுடும் கழகத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மொன்றியலுக்குள் வரும் லவால் பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. என் மனைவி பிரியந்தி, குளிருக்காகப் போட்டிருந்த என்னுடைய மழைக்கோட்டின் உள்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்த மூண்டாவது றிவோல்வரில என்ன பிழை இருந்தது?"

மூன்று வருடத்துக்கும் மேற்பட்ட பழைய விஷயம். ஆனால் அன்றைக்கு அது கேட்கக்கூடிய கேள்விதான். ஒரு மணித்தியாலத்துக்கு முன்புதான் கழகத்தில் எங்களோடு சுடும் சிவராசா அண்ணை தன் செய்தியைச் சொல்லியிருந்தார். கண் மங்கிவிட்டது, ஜூன் மாதம் ரொறொன்ரோவில் இருக்கும் மகளிடம் போகிறார், தன் றிவோல்வரைப் பொலிசிடம் அழிக்கக் கொடுக்கப் போகிறார். பிரியந்தி சுடுவது அவருடைய அந்த றிவோல்வரில்தான். இப்போதுள்ள சட்டப்படி அவர் அதை அவளுக்குக் கொடுக்கவும் முடியாது, அவள் புதிதாக ஒன்று வாங்கவும் முடியாது. ஜூனோடு அவள் சுடுவது முடிந்தது.

"பேந்து சொல்லுறன்," என்றேன்.

அவள் துண்டைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். மறுபடி கேட்கவில்லை. அஹுன்ட்சிக்கில் கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் அவள். கேட்டுவிட்டுக் காத்திருப்பது அவளுக்குத் தொழில். இந்தக் கதைதான் அந்தப் 'பேந்து', அந்தப் 'பிறகு'.

2

தொடக்கம் ஒன்று:

"எமிலியானுஸ், புவாண்ட்-கிளேரில் விமானப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தான். அவனுடைய கண்ணுக்குத் தப்பி ஒரு திருகாணிகூட"

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். எமிலியானுஸ் நான்தான். என்னையே 'அவன்' என்று எழுதினால் பாதிப் பழி அவன் தலையில் போய் விழும். நான் தப்பிவிடுவேன்.

தொடக்கம் இரண்டு:

"மன்னாரில் எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, சோதனைச் சாவடியில் ஒருவன் தன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே"

இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாக வந்தது. வாசித்துப் பார்த்தபோது எனக்கே என்மேல் இரக்கம் வந்தது. பிறகு அழித்தேன். நடந்ததுதான், பொய்யில்லை, ஆனால் இந்தக் கதைக்கு உரியதல்ல. எங்கள் ஆட்களில் ஒருவர் 'துவக்கு' என்று எழுதினால் வாசகர் தானாகவே போருக்குப் போய்விடுவார். எழுதுகிறவர் கதவைத் திறந்துவிட்டால் போதும். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நானும் பார்த்தேன். அந்தச் சாவடிக்கும் மூன்றாவது றிவோல்வரை நான் நிராகரித்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு வசதி! எல்லாரும் என்னை மன்னித்திருப்பார்கள்.

[இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம்: குழந்தைகளுக்குச் சோறூட்டுகிற பெண்ணுக்கு றிவோல்வர் எதற்கு? நானும் கேட்டேன். அவளோடு வேலை செய்யும் மனோன் என்கிற பெண் ஒருநாள் அவளைக் கழகத்துக்குக் கூட்டிப் போனாள். பிரியந்தி கடதாசி வட்டத்தை நோக்கிச் சுட்டாள். "சுடேக்க ஒருத்தரும் என்னைக் கூப்பிடுறேல்லை," என்றாள் வீட்டுக்கு வந்து. அவ்வளவுதான் காரணம். எனக்கு அது போதாத காரணமாகப் பட்டது. இப்போது படவில்லை.]

3

சிவராசா அண்ணைக்கு எழுபத்திரண்டு வயது. மொன்றியலில் முப்பது வருடம் பஸ் திருத்தியவர். எங்களைத் தவிர அந்தக் கழகத்தில் இருக்கும் ஒரே தமிழர். தன் றிவோல்வரோடு பக்கத்தில் நின்று பிரியந்திக்குச் சுடப் பழக்கியவர். அவள் சுட்ட ஆறு குண்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். நான் சுட்டால் கடதாசிக்கு ஆபத்தில்லை.

2022 கோடையில், கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. கடைகளில் சனம் முண்டியடித்தது. பிரியந்தி அதற்குள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தாள்.

"எனக்கெண்டு ஒண்டு வாங்கப் போறன்," என்றாள்.

'எனக்கெண்டு' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை.

[திருத்தம்: ஒருமுறை கேட்டிருக்கிறேன். தையல் மெஷின் வாங்கியபோது. அதையும் நான்தான் தெரிவு செய்தேன்.]

அந்தக் கோடை முழுவதும் கழகத்து மரவாங்கில் குந்தியிருந்து நானும் சிவராசா அண்ணையும் வாதாடினோம்.

"புதுசு வேண்டாம் தங்கச்சி," என்பார் அவர். "இப்ப வாறதெல்லாம் அச்சில வாத்த சாமான். பக்கத்தில ஒரு பூட்டுத் துவாரம் வேற வைச்சிருக்கிறாங்கள். இதைப் பார், எழுபத்தாறாம் ஆண்டு செய்தது. ஒரு மனிசன் குந்தியிருந்து அரத்தால ராவி ராவிப் பொருத்தியிருக்கிறான்."

"மனிசன் ராவினதுதான் அண்ணை பிரச்சினை," என்பேன் நான். "அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சலெண்டால்? மெஷினுக்குக் காய்ச்சல் வராது."

"அப்ப ஏன் தம்பி புதுசுகள் கடைக்குத் திரும்பி வருகுது?"

"பாகத்தில பிழையில்லை. பூட்டுறவன் அவசரப்படுறான். கடைசியில நிண்டு பார்க்க ஆளில்லை."

"பார்க்கிற வேலை செய்யிறவன் வேற என்னத்தைச் சொல்லுவான்!" என்று அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

பிரியந்தி காதுக்கவசத்தை மாட்டிக்கொள்வாள். "நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு முடியுங்கோ. நான் சுட்டிட்டு வாறன்."

இந்த வாதத்தை வேண்டுமென்றே நீட்டி எழுதுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இங்கே நான் ஒரு குற்றமும் செய்யவில்லை. அதோடு, கேள்வியும் நல்ல கேள்வி. ஒரு பொருளை நம்பலாம் என்பது எப்போது தெரியும்? வாங்குகிற அன்று அளந்து பார்க்க முடிவது இடைவெளி, ஆட்டம், நேர்கோடு, இவ்வளவும்தான். பத்தாயிரம் முறை சுட்ட பிறகும் அது அப்படியே இருக்குமா என்பதை எந்த அளவுகோலும் சொல்லாது. நான் தினமும் கையெழுத்து வைத்து அனுப்புவது நம்பிக்கையை அல்ல, இலக்கங்களை. இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

கடை. இதைச் சுருக்கமாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி தப்பித்துவிடுவேன்.

றிவோல்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் முன்னாலுள்ள குழலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. கூடினால் நெருப்பும் ஈயத்தூளும் பக்கவாட்டில் தெறிக்கும். குறைந்தால் கரி பிடித்து உருளை இறுகும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலிலிருந்து எட்டுக்குள் இருப்பது நல்லது. அளப்பதற்கு இரும்புத் தகடுகள் கோத்த ஃபீலர் கேஜ் என்ற கருவி இருக்கிறது. நான் அதைச் சட்டைப் பையில் கொண்டுபோனேன். தொழிற்சாலையின் சிவப்புத் துண்டுகளையும் கொண்டுபோனேன். நிராகரித்த பாகத்தில் அதைக் கட்டி, அளவை அதிலுள்ள கோட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது றிவோல்வர்: பதினொன்று. துண்டில் எழுதிக் கட்டினேன். கடைக்காரர் லுக், மீசைக்குள் சிரித்தார்.

இரண்டாவது, மூன்று வாரம் கழித்து: குழல் ஒரு பக்கம் சரிந்திருந்தது, இடைவெளி பத்து. எழுதிக் கட்டினேன். லுக் சிரிக்கவில்லை. பிரியந்தி, "நல்ல காலம் பார்த்தது," என்றாள். அப்போது நான் எவ்வளவு உயரமாக நின்றேன் தெரியுமா!

மூன்றாவது, செப்டம்பரில், ஒரு மழைச் சனிக்கிழமை. "மெஸ்யு, இதுதான் கடைசி," என்றார் லுக், பிரெஞ்சில். "இறக்குமதி நின்றுவிட்டது. இனி வராது."

பிரியந்தி எடுத்தாள். உருளையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். லுக்கிடம் கேட்டுவிட்டு, வெறுமையாக ஒருமுறை விசையை இழுத்தாள். அவளுடைய தோள் தளர்ந்தது. மேசையில் மெதுவாக வைத்தாள்.

"இது காணும், இதுவே போதும்," என்றாள்.

என் கை அப்போதுதான் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் தகட்டை நுழைத்து அளந்தேன். "பதினொண்டு," என்றேன். "சரிவராது." சிவப்புத் துண்டைக் கட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள், றிவோல்வரைப் பார்த்தாள். "அப்ப சரி," என்றாள். லுக் துண்டை அவிழ்த்து என் கையில் தந்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரன் முன்னே வந்து, சரியாகப் பார்க்காமலே, "நான் எடுக்கிறேன்," என்றான்.

ஒக்டோபர் இருபத்தோராம் திகதி சட்டம் வந்தது.

5

ஐந்து.

அந்த இடைவெளி ஐந்து. ஆறு குழியிலும் சுற்றிச் சுற்றி ஐந்து. என் வாழ்நாளில் நான் அளந்தவற்றில் அதைவிட நேர்த்தியானது ஒன்றைச் சொல் என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏன் பொய் சொன்னேன் என்பதற்குக் காரணங்கள் எழுதிப் பார்த்தேன். 'வீட்டில் ஆயுதம் இருப்பது பயம்.' நிராகரிக்கிறேன், பயந்தவன் முதல் இரண்டையும் ஏன் அவ்வளவு ஆசையாக அளந்தான்? 'பழைய நினைவுகள்.' அதை மேலேயே அழித்துவிட்டேன். 'தகட்டைப் பிழையாக வாசித்தேன்.' இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

உண்மை மிகவும் சின்னது, அதனால்தான் இவ்வளவு நாளாக வெளியே வரவில்லை. நான் அளக்க முதல் அவள் 'காணும்' என்று சொல்லிவிட்டாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் தையல் மெஷின், சப்பாத்து, சோபா, கடையில் எடுக்கும் கத்தரிக்காய் வரை, என் கையில் திருப்பிப் பார்க்கப்படாமல் எதுவும் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. அன்று அவளுக்கு நான் தேவைப்படவில்லை. அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

[அந்தத் துண்டைப் பற்றி: முதல் இரண்டிலும் அளவு எழுதினேன். மூன்றாவதில் எழுதவில்லை. வாய் பதினொன்று என்று சொல்லிவிட்டது. கை எழுத மறுத்துவிட்டது. இலக்கம் இல்லாத துண்டு எங்கள் தொழிற்சாலையில் செல்லாது. பிரியந்திக்கு அது தெரியும், என் வேலைக் கதைகளை அத்தனை வருடம் கேட்டவள். எறிந்திருக்கலாமே என்பீர்கள். பரிசோதகன் துண்டை எறிவதில்லை.]

6

முடிவு ஒன்று: அவள் வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "இதுக்கே இவ்வளவு எழுதினியள்?" என்கிறாள். — நிராகரிக்கிறேன். இது என் வசதிக்காகச் செய்தது.

முடிவு இரண்டு: சட்டம் மாறுகிறது, அந்தத் தொப்பிக்காரனே றிவோல்வரை விற்க வருகிறான், நான் போய் — வேண்டாம். இது கதை அல்ல, நேர்த்திக்கடன்.

முடிவு மூன்று: அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் வருகிறது. சிவராசா அண்ணை றிவோல்வரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நாங்கள் நேரே வீட்டுக்கு வருகிறோம். அவள் சமைக்கிறாள், எல்லாரும் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

இது நடக்கக்கூடியது. அளந்து பார்த்தேன், எங்கும் இடைவெளி இல்லை. அதனால் இதைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.

7

இந்தப் பகுதி திட்டத்தில் இல்லாதது.

மேலே உள்ள ஆறு பகுதிகளையும் அச்செடுத்து, சரிபார்ப்பதற்காகச் சிவப்புப் பேனையை மேலே வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது பிரியந்தி தாள்களை எடுத்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானோ அந்தப் பேந்து?"

"ஓம். ஆனால் நான் இன்னும் பார்க்கேல்லை. பிழையள் இருக்கும்."

"காணும்," என்றாள். பேனையை விட்டுவிட்டுத் தாள்களைக் குசினி மேசைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

நான் இந்த அறையில் இருந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தாள் புரள்வது கேட்கிறது. வாதம் வரும் இடத்தில் சிரித்தாள். நாலாவது தாள் புரண்டது. ஐந்தாம் பகுதி அதற்கடுத்த தாளில்தான் இருக்கிறது. அதன் பிறகு நெடுநேரமாகத் தாள் புரளவில்லை.

வாசகரே, உங்களுக்குத் தெரிந்த அளவு இப்போது அவளுக்கும் தெரியும். எனக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது. மூன்று முடிவுகளையும் அவள் வாசித்திருப்பாளோ, அதற்கு முன்பே நிறுத்திவிட்டாளோ, அதுகூடத் தெரியாது.

கதிரை பின்னால் நகர்கிறது. மழைக்கோட்டு தொங்கும் அலுமாரி திறக்கிறது. மூடுகிறது.

"இஞ்சேருங்கோ," என்கிறாள். குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. "அந்தப் பேனையைக் கொண்டு வாங்கோ."

சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு எழும்புகிறேன். மேசையில் என் கதை இருக்கும், பக்கத்தில் இலக்கம் எழுதாத துண்டு இருக்கும். அவள் எதில், என்ன எழுதப் போகிறாள் என்று நீங்கள் சொல்லுங்கள். இந்த முறை நான் அளக்கப் போவதில்லை.