தூணுக்கும் கதவுக்கும் நடுவே

1

அரசு மானியம் ஒன்றை மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் ஆற்றல் படைத்த உலகின் முதல் சிறுகதை இப்போது வாசகர் கையில் இருக்கிறது. காதலை வளர்த்த கதைகள் உண்டு. தூக்கத்தை வரவழைத்த கதைகள் ஏராளம். அரசுக் கோப்பு ஒன்றை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்திய கதை இதுவரை எழுதப்படவில்லை. அந்தக் குறை இன்றோடு தீர்கிறது.

இதன் ஆசிரியன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்கே சுவர் இதழில் நையாண்டி எழுதுகிறான். அவனுக்கு ரசிகர் கூட்டம் (இந்தச் சொல் அடிக்கப்பட்டது. ரசிகர் ஒருவர்தான். அவரும் அவன் அக்கா.)

கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். மாற்றுத்திறனாளிகளை வேலையில் அமர்த்தும் ஒரு திட்டம் அவளை அங்கே சேர்த்துவிட்டது. திட்டம் ஓடுவது அரசு மானியத்தில். மானியம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்கக் கேட்கும் மனுவோடு பயனாளி ஒருவரின் கதையையும் ஒரு பக்கத்தில் இணைக்க வேண்டுமாம். "என் தம்பி எழுதுவான், சும்மாதான் இருக்கான்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.*

2

முதல் தொடக்கம்: "விதி அவள் இடக்கையைப் பறித்தது. ஆனால் அவள் தன்னம்பிக்கையை"

(இங்கே ஆசிரியனுக்குக் குமட்டியது. இடக்கையை யாரும் பறிக்கவில்லை. தோளில்தான் இருக்கிறது. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அவ்வளவே. வீட்டில் அவனும்தான் கேட்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "தூய வெண்ணிற விரிப்புகளின் கடலில்"

(விரிப்புகள் பச்சை.)

மூன்றாம் தொடக்கம்: சலவைக்கூடத்தில் ஒரு சூடான உருளை சுழல்கிறது. ஈர விரிப்பின் விளிம்பை அதற்குக் கொடுத்தால் உள்ளே இழுத்து, காயவைத்து, மறுபக்கம் மடிப்பில்லாமல் தள்ளும். அக்கா ஒரு மூலையை இடது முழங்கையால் அழுத்திக்கொண்டு, மறுமூலையை வலக்கையால் இழுத்து நேராக்கிக் கொடுக்கிறாள். கோணலாகப் போய்விட்டால் விரிப்பு சுருண்டுகொள்ளும். உடனே பக்கத்திலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கி உருளையை நிறுத்த வேண்டும். தவறினால் ஆளுக்கு ஆபத்தில்லை, விரிப்பு கருகும். நாலு விரிப்பு கருகினால் வேலையும் கருகும்.

இதில் உவமை எதுவும் இல்லை. மானியக்குழு உவமை படிக்குமா என்று ஆசிரியனுக்குப் பயமாக இருக்கிறது. படிக்காதோ என்றும் பயமாக இருக்கிறது.

3

இந்தக் கதையில் ஆசிரியனால் கொஞ்சமும் நம்ப முடியாத பாத்திரம் ஒன்று உண்டு. பதவியின் பெயர் வேலைத் துணையாளர். ஆசிரியன் வைத்த பெயர் சும்மா மேடம். மானியம் வருவதே பெரும்பாலும் இவர் சம்பளத்துக்காக. துணையாளர் இருந்தால்தான் அக்காவை வைத்துக்கொள்வேன் என்பது ஆஸ்பத்திரியின் நிபந்தனை. அவர் செய்கிற வேலையோ, அக்காவிடமிருந்து தள்ளி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது.

"சிலைக்கும் உங்க மேடத்துக்கும் ஒரே வித்தியாசம்தான். சிலைக்குச் சம்பளம் கிடையாது" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தான். அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. (ரசிகர் எண்ணிக்கை திருத்தப்படுகிறது.)

பாத்திரத்தை நம்பும்படி ஆக்க, நேரில் போய்க் கேட்டான்.

"நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு ஒரே வரியில சொல்லுங்க மேடம்."

"நகர்றேன்."

"எங்க?"

"கதவுக்கு." அவர் சிரிக்காமல்தான் சொன்னார். "உங்க அக்கா சேர்ந்தப்ப தோளை ஒட்டி நின்னேன். அப்புறம் மேசை ஓரம். இப்ப அந்தத் தூண். அடுத்தது கதவு. கதவைத் தாண்டிட்டேன்னா அவங்களுக்கு நான் வேணாம். அதுக்குத்தாம்ப்பா மானியத்தை நீட்டிக்கச் சொல்றோம்."

"தூணுலேருந்து கதவு நாலு எட்டுதானே மேடம்."

"நடந்தா நாலு எட்டுதான்."

"ஏன், இப்பவே போனா என்ன?"

"வேலை எல்லாம் வந்துடுச்சு. ஆனா யாராவது அவசரப்படுத்திக் கத்தினா கை அப்படியே நின்னுடுது. அது ஒண்ணுதான் மிச்சம்."

"கையை மட்டும் ஏன் பின்னாடி கட்டிக்கறீங்க?"

"கட்டலேன்னா அது பாட்டுக்கு உதவி பண்ணப் போயிடும்."

ஆசிரியன் இதைக் குறித்துக்கொண்டான். நம்பவில்லை. நல்ல வசனம் என்பதால் மட்டும் குறித்துக்கொண்டான்.

4

மானியக்குழு அதிகாரி பார்வையிட வந்த அன்று ஆசிரியனும் சலவைக்கூடத்தில் இருந்தான். வில்லன் ஒருவன் கிடைப்பான் என்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருந்தான். வந்தவர் தங்கமான மனிதர். கதை கெட்டது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரிப்பு கோணிக்கொண்டது. அக்காவின் வலக்கை துணியை விட்டுவிட்டுப் பொத்தானுக்குக் கிளம்பியது.

"அடடா, கொஞ்சம் உதவி பண்ணுங்கம்மா" என்றார் அதிகாரி. தூணருகே சும்மா மேடம் அசையவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது.

"அமுக்கு, அமுக்கு, என்ன பாத்துட்டே நிக்கிற?" என்றார் சலவைக்கூட மேற்பார்வையாளர். அக்காவின் கை நடுவழியில் நின்றது.

அதிகாரி தாமே எட்டிப் பொத்தானை அமுக்கினார். "பரவாயில்லம்மா, பரவாயில்ல."

"சார், நான்"

"நல்லாத்தான் பண்றே. ரொம்ப சந்தோஷம்" என்று அவள் வாக்கியத்தையும் அவரே முடித்துவைத்து அடுத்த அறைக்கு நடந்தார். போகும்போது உதவியாளரிடம் கேட்டது ஆசிரியன் காதில் விழுந்தது: "அந்தம்மா அங்க எதுக்கு நிக்கிறாங்க?"

கேள்வி ஆசிரியனுடையது. வீட்டில் அம்மாவைச் சிரிக்கவைத்த அதே கேலி. சொன்னதெல்லாம் கோப்பில் ஏறுகிற வாயிலிருந்து அதைக் கேட்டதும் குறிப்பேட்டை மூடிவைத்தான். நீட்டிப்பு, மறுபரிசீலனைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

* (முன்பே வந்திருக்க வேண்டிய குறிப்பு.) அக்காவின் வாக்கியங்கள் முடிய நேரமாகும். அதனால் ஆளாளுக்கு முடித்துவைப்பார்கள். வீட்டில் அதில் கெட்டிக்காரன் ஆசிரியன். முதல் பகுதியில் அக்கா சொன்னது "என் தம்பி எழுதுவான்" வரைதான். மிச்சம் இவன் சேர்த்தது.

5

முடிவு வராததால் ஆசிரியன் மூன்று முடிவுகள் எழுதினான்.

ஒன்றில் ஆணை வருகிறது, சலவைக்கூடமே கைதட்டுகிறது. இன்னொன்றில் வரவில்லை, அக்கா வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மழை. (மழைக்கு ஆசிரியன் வருந்துகிறான்.) மூன்றாவதில் அதிகாரிக்குக் கை சுளுக்கிக்கொள்கிறது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் ஞானம் பிறந்து கையெழுத்துப் போடுகிறார். சுளுக்கிய கையால் எப்படிப் போட்டார் என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

மூன்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினான்.

"மூணுலயும்" என்றாள்.

"மூணுலயும் ஜவ்வு ஜாஸ்தின்னு சொல்ற."

அவள் தலையாட்டி மறுத்தாள். பிறகு எப்போதும்போல நேரம் எடுத்துக்கொண்டாள். இந்த முறை அவனுக்குச் சேர்க்க எதுவும் தோன்றவில்லை.

"மூணுலயும்... நான் சும்மா... நிக்கிறேன்டா."

6

மாதம் முடிந்தது. ஆணை வரவில்லை. சும்மா மேடம் திங்கட்கிழமை முதல் வரக் கூடாது. சம்பளம் இல்லாமல் வருகிறேன் என்றாராம், காப்பீடு இல்லாதவர் உள்ளே நிற்க விதியில்லையாம். வீட்டு ஆள் என்றால் பார்வையாளர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கலாம்.

"ஒரு வாரம் பாக்கறேன்" என்றார் மேற்பார்வையாளர். "துணைக்கு யாராவது வரட்டும். துணி கருகிச்சுன்னா எனக்கு வேற ஆளு போட்டாகணும், என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அம்மாவுக்கு வேலை. "நீ போடா" என்றாள். "சும்மாதானே இருக்க."

ஆகவே இந்தப் பகுதி தூணருகே நின்றபடி எழுதப்படுகிறது. தூணில் முதுகுயரத்தில் பூச்சு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. வந்ததும் அவன் அக்காவின் தோளை ஒட்டித்தான் நின்றான். அவள் திரும்பிப் பார்த்தாள். மேசை ஓரம் போனான். மறுபடியும் பார்த்தாள். தூணுக்கு வந்தான். நான்காம் முடிவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறான்: அதில் மானியம் நீள்கிறது, காரணம், அக்கா எல்லோர் முன்னாலும்

விரிப்பு கோணுகிறது.

அக்காவின் வலக்கை துணியை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது.

"தம்பி, என்ன வேடிக்கை பாக்கற, அமுக்குப்பா" என்று மேற்பார்வையாளர் கத்துகிறார். அக்காவின் கை பாதியில் நிற்கிறது. துணி சூடேறும் வாசனை வருகிறது. இங்கிருந்து பொத்தான் இரண்டே எட்டு. பேனா பிடித்த கை அது பாட்டுக்கு முன்னே போகிறது. பொத்தானுக்கா, அடுத்த வரிக்கா என்று அதற்கே தெரியாது. எது என்றாலும் அவளுக்காக முடித்துவைப்பதுதான். அக்காவின் விரல்கள் மெல்ல அசைகின்றன, அல்லது அசைவதுபோல் இருக்கிறது. மேற்பார்வையாளர் மறுபடி வாயைத் திறக்கிறார். ஆசிரியன் தூணோடு ஒட்டிக்கொண்டு, தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால்