கை படாத சரக்கு

பேக்கரிக்காரிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருஷத்துக்கென்று அவள் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தை, அவள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே எவனோ ஒருத்தன் விலை பேசுகிறான். கூட்டிவந்தது வேறு யாருமில்லை. அவள் புருஷன்தான், இன்சூரன்ஸ் ஏஜென்ட்.

சும்மாவா வாங்கினாள்? போன வருஷம் கடைக்காரனைத் துளைத்து எடுத்துவிட்டாள். தங்க முலாம் மினுக்கியதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். பேட்டரி இல்லாமல் சாவி கொடுத்து ஓடுகிற இந்த ஸ்டீல் கடிகாரத்தின் முதுகைத் திருப்பி, கண்ணாடிக்குள் சக்கரங்கள் சுழல்வதைப் பார்த்தாள். சர்வீசுக்கு எவ்வளவு பிடுங்குவார்கள் என்று கேட்டாள். விலையைக் கேட்டு நெஞ்சடைத்தபோது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். மனுஷன் உயிரோடு இருக்கிறவரை தினம் கட்டினால், ஒரு நாளைக்கு டீக்கும் பன்னுக்கும் ஆகிற காசுதான். கொள்ளை மலிவு!

மனுஷன் ஒரு நாள்கூடக் கட்டவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினார். கேட்டால், "நல்ல நாள் வரட்டும்மா" என்பார். இந்த அசடும் நம்பியது.

வந்தவன் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். "மேல ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கல. கை படாத சரக்கு சார்! இந்த மாடல் இப்ப கடையிலயே கிடைக்கிறதில்ல."

"கேட்டியா?" புருஷன் பூரித்துப்போனார். "நீ குடுத்த விலைக்கு ஒன்றரை மடங்கு! உன் கைராசி யாருக்கு வரும்?"

"ஒரு நாளாவது கட்டிப் பாத்தீங்களா?"

"கட்டினா கீறல் விழும்மா. அப்புறம் எவன் வாங்குவான்?"

"விக்கிறதுக்கா நான் வாங்கிக் குடுத்தேன்?"

"அட நீ ஒண்ணு! லாபம் வந்தா கசக்குதா?"

அவ்வளவுதான். வெடுக்கென்று கடிகாரத்தைப் பிடுங்கி, பிளாஸ்டிக்கைச் சர்ரென்று உரித்தாள். சாவி கொடுத்தாள். தன் கையிலேயே கட்டிக்கொண்டாள்.

"இனி அந்த விலைக்கு ஆகாது சார்" என்று வந்தவன் லென்ஸைப் பையில் போட்டான்.

"அடிப்பாவி! எவ்வளவு நட்டம் தெரியுமா?"

"நட்டமா? ஒரு வருஷமா நாள் தவறாம எனக்கு நட்டம். உங்களுக்கு இப்பத்தான் உறைக்குதாக்கும்!"

விறுவிறுவென்று பேக்கரிக்கு நடந்தாள். "ஏம்மா, அதை மட்டும் கழட்டி வச்சிட்டுப் போ!" என்று அவர் வாசல்வரை ஓடிவந்து கத்தினார்.

சாயங்கால ரொட்டிக்கு மாவு பிசைய வேண்டியிருந்தது. கடிகாரத்தோடேயே முழங்கைவரை கையை மாவுக்குள் இறக்கினாள்.