கண் அட்டைக்கு எதிரே

எடை மெஷினின் முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, சரிதானா என்று பார்க்க ஆண்டனியே அதன்மேல் ஏறி நின்றான்.

"எக்கா, ரெண்டு கிலோ கூடக் காட்டுது. மெஷின் கெட்டுப் போச்சு போல."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம தின்ன பிரியாணியக் கேளுல, அது சொல்லும்," என்றாள் ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து.

சிரித்துக்கொண்டே வேனைக் கழுவப் போனான். வாளி உருண்ட சத்தம் கேட்டு அவள் வெளியே ஓடினாள். அதற்குள் தம்பியின் மூச்சு நின்றிருந்தது.

ஸ்டெல்லா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தெலுங்கு பேசும் லோத்குண்டாவைச் சுற்றியிருந்த சின்னச் சின்னப் பள்ளிகளுக்கு இருவரும் வேனில் போய்ப் பிள்ளைகளின் எடை, உயரம், பல், கண் எல்லாம் இலவசமாகப் பார்த்துவந்தார்கள். கண் பார்க்கும்போது ஆண்டனி அட்டைப் பக்கம் நின்று குச்சியால் எழுத்தைத் தொடுவான். ஸ்டெல்லா பிள்ளையின் அருகில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொள்வாள்.

ஆண்டனி இறந்து இரண்டு மாதம் கழித்து அட்டையைச் சுருட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கு ஆட்டோவில் தனியாகப் போனாள்.

"பிள்ளைங்களைப் பார்க்க ஒரு பெரிய ஆஸ்பத்திரிலேர்ந்து பஸ் அனுப்புறாங்களாம், சிஸ்டர்," என்றாள் மூன்றாம் வகுப்பு டீச்சர் அஸ்வினி. "எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் யோசிக்கிறாங்க. இன்னிக்கு நீங்க ஒருத்தரா முடிச்சுக் காட்டிட்டா பஸ்ஸு நக்கோ, வேண்டாம்னுருவாங்க."

"முடிச்சிருவேன்."

பிள்ளைகளையே ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவளே அட்டைப் பக்கம் போய் நின்றாள். வரிசை மளமளவென்று நகர்ந்தது. பாதி வகுப்பு முடிந்தும் ஒரு பிள்ளைக்குக்கூடக் குறை இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. எந்த வகுப்பிலும் இரண்டு பேராவது தடுமாறுவார்கள்.

குச்சியை வைத்துவிட்டு, நின்றிருந்த ஹம்ஸினியின் அருகில் வந்தாள். முகத்தை மூடியிருந்த விரல்கள் சீப்புப் பல்லாக விரிந்திருந்தன.

"ஏட்டி, பொத்துன கண்ணாலயா பாக்க?"

"திஸ் ஒன் டஸின்ட் ஒர்க், ஆன்ட்டி," என்று பிள்ளை திறந்திருந்த கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "தட் ஒன் இஸ் குட்."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஸ்டெல்லா முடித்த பிள்ளைகளின் பட்டியலைத் திரும்பப் பார்த்தாள். இன்று இப்படி எத்தனை பேரைத் தாண்டவிட்டாளோ.

தம்பி போன பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. "அஸ்வினி, இந்தக் குச்சியக் கொஞ்சம் பிடிக்கியாம்மா?" என்றாள்.

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அஸ்வினி குச்சியை எழுத்தின் மேலேயே வைத்தாள்.

"மறைக்காதம்மா. கீழ தொடு."

"ஹவ், ஆமா சிஸ்டர், சாரி."

ஹம்ஸினியின் நல்ல கண்ணை ஸ்டெல்லா தன் உள்ளங்கையால் பொத்தினாள். இமைமுடிகள் கையில் குறுகுறுத்தன. பிள்ளை பெரிய எழுத்தைக்கூடத் தப்பாகச் சொன்னாள். ஸ்டெல்லா நிமிர்ந்து அட்டையைப் பார்த்தபோது அங்கே ஆண்டனி இல்லை, பச்சைப் புடவை கட்டிய அஸ்வினி நின்றிருந்தாள்.

கண் டாக்டருக்குச் சீட்டு எழுதி, ஹம்ஸினியின் அம்மாவைப் போன் செய்து வரவழைத்துக் கையிலேயே கொடுத்தாள். வகுப்பில் இன்னும் பலர் பாக்கி.

"பஸ்ஸையே வரச் சொல்லிருங்க," என்றாள் அஸ்வினியிடம். "இது ஒத்தை ஆள் வேலை இல்ல."

"இன்னும் நேரம் இருக்கே, சிஸ்டர். நான் நிக்கிறேன், முடிச்சிரலாம்."

ஸ்டெல்லா அட்டையைக் கழற்றினாள். மேற்கு பார்த்த கட்டடம், மணி மூன்றாகப் போகிறது. மூன்று மணிக்கு மேல் அந்தச் சுவரில் வெயில் நேராக விழுந்து கண் கூசும். ஒரு எழுத்தும் தெரியாது. ஆண்டனி இருந்தபோதும் தெரியாது, இத்தோடு நிறுத்திவிடுவார்கள்.