மகன் சாப்பிட்டால் நிறையும் வயிறு

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்த அந்த அம்மாள் மூன்று வருடமாக ஒரு வாய் சோறு உண்ணவில்லை, இளைக்கவும் இல்லை. அவளுடைய மகன் எங்கேயோ சாப்பிட்டான், இவளுக்கு வயிறு நிறைந்தது. படிப்பை விட்டுவிட்டு லாரி ஓட்டப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று வீட்டில் பெரிய ரகளை. "இனிமே உன் சோத்துல கை வெச்சா என்னை ஏன்னு கேளு" என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லை. "நீ சாப்பிட்டா போதும்டா, எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி" என்று அவன் பால்குடி மறந்த நாளிலிருந்து சொல்லி வந்தவள் அவள். அன்றைக்கு அந்த 'மாதிரி' மட்டும் உதிர்ந்துவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம்போல உள்ளே மற்றதெல்லாம் மரத்துக் கிடக்க, வயிறு மட்டும் வேளாவேளைக்கு நிறைந்தது. மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே தகவல் அதுதான்.

'உணவும் ஊட்டச்சத்தும்' அடிப்படைச் சான்றிதழ் இல்லாதவர் கையில் இனிக் கரண்டி கிடையாது என்று நிர்வாகம் அறிவித்தது. வேலை போய்விடுமென்று பயந்து மாலை வகுப்பில் சேர்ந்தவள், இரண்டாம் பாடத்திலேயே வேறு காரணத்துக்காகப் படிக்கத் தொடங்கினாள். மாவுச்சத்து வந்த வேகத்தில் கரையும், புரதம் நின்று நிதானிக்கும், கொழுப்பு கிளம்ப மனமில்லாத விருந்தாளி என்றார் டீச்சர். அவள் தன் வயிற்றைக் கவனித்தாள். படுபாவி, பன்னும் டீயுமாகவே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். நேற்று உண்டதை எழுதும் பயிற்சியில் அதையே எழுதினாள்.

"ஏம்மா, ஊருக்கே ஆக்கிப் போடறீங்க, ஒரு பருப்பு, ஒரு காய் கிடையாதா?" என்றார் டீச்சர்.

"இது என் பையன் சாப்பிட்டது டீச்சர்."

"நீங்க சாப்பிட்டத இல்ல எழுதச் சொன்னேன்?"

"அதேதான்."

"மளிகைச் செலவே இல்ல, குடுத்து வெச்ச மகராசி" என்று பக்கத்து பெஞ்சுக் கேன்டீன்காரி பெருமூச்சு விட்டாள். டீச்சர் சிவப்பு மையில் 'புரதம் போதாது' என்று எழுதி அடுத்த ஆளிடம் போனார்.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் வயிற்றுக்கு எதுவும் வரவில்லை. மதியமும் இல்லை, இரவும் இல்லை. தேர்வு அறையில் அவள் வயிறு உறுமிய உறுமலில் கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். பட்டினியின் அறிகுறிகளைக் கேட்டிருந்தார்கள். நடுங்கும் கையைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பட்டினி கிடந்தவருக்கு முதலில் என்ன தரவேண்டும் என்பது அடுத்த கேள்வி. அவனிடமிருந்து சாப்பாடு வந்த வழியே இங்கிருந்து அவனுக்குப் போகவும் செய்யலாமே என்று அப்போதுதான் உறைத்தது. பேனாவை மூடினாள். பாதித் தாளைக் கொடுத்தால் வேலை போகும் என்று தெரிந்தே கொடுத்துவிட்டு, சமையலறைக்கு ஓடினாள்.

பாடத்தில் இருந்தபடி முதலில் நீர்த்த பால் குடித்தாள், கரண்டி கரண்டியாக. பிறகு மசித்த வாழைப்பழம். கடைசியில் ஒரு அவித்த முட்டை. எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை, விழுங்க விழுங்க எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் போன் அடித்தது.

"அம்மா... என்னத்த சாப்பிட்ட? ஏப்பம் முட்டை வாசனை அடிக்குது."

"முட்டைதான். எங்கடா இருக்க?"

"காய்ச்சல்மா. வண்டியிலேயே சுருண்டு கிடந்தேன். இப்பத்தான் எழுந்து உக்கார முடிஞ்சுது."

"இன்னொன்னு திங்கட்டுமா?"

"ம். கொஞ்சம் உப்பு தொட்டுக்கோ."

சான்றிதழ் அடுத்த தடவைதான் வந்தது. அதுவரை பாத்திரம் கழுவினாள். பகலில் அவன் சாப்பிடுவது, இரவில் அவள் சாப்பிடுவது என்று ஏற்பாடு ஆயிற்று. பாகற்காய் யார் முறை என்பதில்தான் இன்னும் தகராறு.